கீழ் இடது மூலை

என் அண்ணி திரை வரைந்து சம்பாதிக்கிறவள். கைபேசியில், பணம் எடுக்கும் இயந்திரத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் நாம் விரல் வைக்கிற இடமெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த இடம் என்று கல்யாணமாகி வந்த புதிதில் அவள் சொன்னாள். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். நாத்தனார் கேட்க வேண்டிய கேள்விதான் என்று சிரித்தாளே தவிர அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கோபமே வராது. அவள் பங்கையும் சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அவளோடு வெளியே போவது பெரும் பாடு. ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று யாராவது தடுமாறினால் போதும், வந்த வேலையை மறந்துவிட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தள்ள வேண்டிய கதவுக்குக் கைப்பிடி எதற்கு என்று வாசல் காவலாளியிடம் நியாயம் கேட்பாள். அந்த மனுஷன் என்னவோ தானே அந்தக் கதவைச் செய்து மாட்டியதுபோல விழிப்பார். எங்கள் வீட்டு சுவிட்சுகளில் எது எந்த விளக்குக்கு என்று நிறம் நிறமாகப் பொட்டு ஒட்டினாள். அடுப்புக் குமிழ்களுக்கும் அப்படியே. நான் கிண்டலடித்துத் தீர்த்தேன். இப்போது பொட்டில்லாத சுவிட்ச் போர்டைப் பார்த்தால் எனக்கே கை தயங்குகிறது.

அவளுடைய மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ‘பயன்படுத்துகிறவரையே கேள். பக்கத்தில் நிற்பவரைக் கேட்காதே.’ புருஷனிடம் போய் உன் மனைவிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் புருஷனுக்கு என்ன வேண்டுமோ அதுதான் பதிலாக வரும் என்பாள். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதானாம். எனக்கும் அது சரியென்றே பட்டது. நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்ள வந்த பெண்ணைப் பேசவிடாமல் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று எனக்குப் பாடம் எடுக்கிற புருஷன்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் அண்ணன் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். சின்ன வயதிலிருந்தே அவன் வாயில் முதலில் வருகிற சொல் ‘வேணாம்’. இன்னொரு கரண்டி போடட்டுமா, வேணாம். புதுச் சட்டை எடுக்கட்டுமா, வேணாம். கூலிக்கு மேல் யாராவது ஏதாவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேணாம். குடும்பத்தில் அவனுக்கு ‘வேணாம் அண்ணன்’ என்றே பெயர். அவன் வாழ்க்கையில் வேணாம் என்று சொல்லாத ஒரே விஷயம் தான்தான் என்று அண்ணி பெருமையடித்துக்கொள்வாள். அதைக் கேட்டும் அவன் மறுக்க மாட்டான், காது மட்டும் சிவந்துபோகும்.

ஒரு கோடையில் யார் வீட்டு மொட்டை மாடியிலோ ஏசி பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்துவிட்டான். பக்கவாதம். வலது கையும் காலும் தளர்ந்தன. பேச்சு போயே போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், நினைப்பும் அவனுடையதுதான், ஆனால் நினைத்தது வாய்க்கு வந்து சேர வழியில்லை என்றார் டாக்டர். எழுத்துகளும் அவனுக்குக் குழம்பின. தலையாட்டச் சொன்னாலும் நம்ப முடியாது, ஆமாம் என்று நினைத்தாலும் இல்லை என்று நினைத்தாலும் தலை தன்பாட்டுக்கு ஆடும். வேணாம் என்று சொல்லியே வளர்ந்த மனுஷனால் அதைத் தலையசைத்துக்கூடச் சொல்ல முடியவில்லை. அவன் கண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள்தான் அந்தப் பலகையைக் கொண்டுவந்தார். டேப்லெட்தான், அதில் ஒரு செயலி. திரை முழுக்கப் படம் போட்ட கட்டங்கள், எதைத் தொட்டாலும் ஒரு குரல் அதைச் சொல்லும். கீழே இடது மூலையில் சிவப்புக் கட்டம், அதில் விரித்த உள்ளங்கை. தொட்டால் ‘வேண்டாம்’ என்று கணீரென்று சொல்லும். அதைப் பழகவே அவனுக்கு மாதங்கள் பிடித்தன. கண் தேடிப் பிடித்து விரலைக் கூட்டிப்போகிற வேலை இல்லை அது, கை தானாக அந்த மூலைக்குப் போக வேண்டும் என்று அந்த அம்மாள் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார். முதல் முறை அவன் யாரும் சொல்லாமல், பார்க்கக்கூட இல்லாமல் அந்த மூலையைத் தட்டி, அண்ணி நீட்டிய மாத்திரையை வேண்டாம் என்றபோது அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். பிறகு வந்து, “வேணாம்னா விட்ருவேனா, முழுங்குங்க” என்றாள்.

அதற்குப் பிறகு வீடு பழையபடி ஆனது. நான் மாலையில் போய், இன்றைக்கு வண்டி பழகுகிற ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்து ஒரு வீட்டு கேட்டை என்ன செய்தார் தெரியுமா என்று ஆரம்பிப்பேன். வேண்டாம் என்று பலகை கத்தும். தொலைக்காட்சியில் யாராவது அரசியல் பேசினால் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அவன் முகத்தில் அந்தப் பழைய குறும்பு வந்துவிட்டது. மற்றக் கட்டங்களையும் பழகினான்தான், ஆனால் அந்த மூலைதான் அவன்.

ஒரு நாள் காலையில் செயலி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. கட்டங்களெல்லாம் உருண்டையாகி, நிறமெல்லாம் வெளுத்து, இடமெல்லாம் மாறிக் கிடந்தன. கீழ் இடது மூலையில் கைகூப்பிய ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. தொட்டால், தேனில் குழைத்த ஒரு பெண் குரல் ‘நன்றி’ என்றது. வேண்டாம் எங்கே என்று அண்ணி தேடினாள். ‘உணர்வுகள்’ என்று ஒரு பெட்டி, அதற்குள் ‘மற்றவை’ என்று ஒரு பெட்டி, அதற்குள் இருந்தது. கட்டங்களை நாமே இடம் மாற்றிக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள், பயன்படுத்துகிறவர்களைக் குழப்பக் கூடாதாம். பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. முதலில் கண்ணில் படுவது இனிய சொல்லாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருப்பதாக அவர்கள் குறிப்பிலேயே போட்டிருந்தார்கள்.

கைக்கு என்ன தெரியும்? அது பழைய மூலைக்கே போனது. கைகால் பயிற்சிக்காரர் அவன் தோளைப் பின்னால் வளைத்தார். வலி தாங்காமல் அவன் மூலையைத் தட்டினான். ‘நன்றி’ என்றது பலகை. பரவாயில்ல சார் என்று அவர் இன்னும் கொஞ்சம் வளைத்தார். அவன் இன்னும் வேகமாகத் தட்டினான். நன்றி, நன்றி, நன்றி. நான் சமையலறையிலிருந்து ஓடி வந்து அந்தப் பயிற்சிக்காரரின் கையைப் பிடித்து இழுத்தேன். அன்று சாயங்காலம் அண்ணன் பலகையை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவைத்தான். அடுத்த நாள் அண்ணி நிமிர்த்தி வைத்தாள். அவன் மறுபடி கவிழ்த்தான்.

இப்படியே விட்டால் பேசுகிற ஆசையையே விட்டுவிடுவார் என்று பயிற்சி அம்மாள் சொல்லிவிட்டுப் போனார். அண்ணி அந்த நிறுவனத்துக்கு எழுதினாள். உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள், அதே பதில் மறுபடி வந்தது. இந்தக் கடிதங்கள் எந்தக் குப்பைக்குப் போகும் என்று அந்தத் தொழிலில் இருக்கிற அவளுக்குத் தெரியும். ஆளைப் பிடித்தால்தான் காரியம் ஆகும் என்றாள்.

ஆள் கிடைத்தார். அந்தச் செயலியின் தலைமை வடிவமைப்பாளர் ஒரு கூட்டத்துக்கு வருகிறார் என்று தெரிந்தது. பயனர் அனுபவ வடிவமைப்பாளர்கள், அதாவது அண்ணியைப்போலத் திரை வரைகிறவர்கள், தாங்களே நடத்திக்கொள்ளும் மாநாடு. மாநாடு என்றும் சொல்லக் கூடாதாம். மேடை கிடையாது, பேச்சாளர் கிடையாது, நிகழ்ச்சி நிரல் கிடையாது. காலையில் எல்லோரும் கூடி எதைப் பேசலாம் என்று அங்கேயே முடிவு செய்வார்கள், யார் வேண்டுமானாலும் பேச்சைத் தொடங்கலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அண்ணி நம்பினாள். அவளுக்கு இந்த மாதிரிக் கூட்டங்கள் பிடிக்கும், முன்பே போயிருக்கிறாள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகலாம், நேரில் பார்த்தால் அந்த ஆளுக்குப் புரியாமல் போகாது என்றாள். வண்டி ஓட்ட நான்.

ஒரு பழைய கிடங்கை வெள்ளையடித்து, கண்ணாடித் தடுப்புகள் வைத்து அலுவலகமாக வாடகைக்கு விடுகிற இடம் அது. நாற்காலி என்று உட்காரத் தகுந்த ஒன்று இல்லை. தரையில் சாக்குமூட்டை போன்ற மெத்தைகள், பெரிய ரப்பர் பந்துகள். ஒரு பக்கம் விளங்காத மனுஷனை எதில் உட்கார வைப்பது? வாசல் காவலாளியின் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து போட்டேன். மனுஷர் எப்படி வாழ வேண்டும் என்று வரைந்து கொடுக்கிறவர்களின் கூட்டத்தில் ஒரு முதுகுக்குச் சாய இடமில்லை.

கூட்டத்தை நடத்தியவர் கையில் ஒரு சின்ன வெண்கல மணி வைத்திருந்தார். பேச்சு முடிந்தால் மணி, தொடங்கினால் மணி, நடுவில் மௌனமாக மூச்சு விடச் சொல்லி மணி. நான் அவருக்கு மணிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். சுவரில் விதிகளை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வந்திருப்பவர்கள்தான் சரியான ஆட்கள். எது நடக்கிறதோ அதுதான் நடக்கக்கூடியது. இருக்கிற இடத்தில் எதையும் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் உங்கள் கால்கள் உங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோகட்டும். கடைசியதற்குக் கால் விதி என்று பெயராம். அண்ணனுக்கு அதைப் படித்துச் சொன்னேன். ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

எல்லோரும் தாங்கள் பேச விரும்புவதை வண்ணச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அண்ணி எழுதினாள்: ‘வேண்டாம் பொத்தானை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது.’ குழந்தைக்கும் புரிகிற வரி. ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு சிலர் எழுந்துபோய், ஒன்றுபோல் இருக்கிற சீட்டுகளை ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கைகள் கூட்டல் கழித்தலே தெரியாதவை மாதிரி அங்குமிங்கும் நகர்ந்தன. அண்ணியின் சீட்டை எடுத்து, ‘கணக்கை மூட வருகிற வாடிக்கையாளரைப் புன்னகையோடு நிறுத்துவது எப்படி’ என்ற சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். அதற்குப் பக்கத்தில், ‘எதிர்மறையை இனிமையாக்குதல்’. எல்லாமே மறுப்பைப் பற்றியவைதானே. மூன்றுக்கும் மேலே ஒரு பெரிய தலைப்பு ஏறியது: ‘இல்லை என்பதைக் கடந்து.’

அண்ணி, உங்க சீட்டை எங்க வெச்சிருக்காங்க பாருங்க என்று நான் பல்லைக் கடித்தேன். கூட்டம் சேர்ந்தால் நல்லதுதான், அவரும் வருவார் என்று அவள் சமாதானம் சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அவளும் தன் அலுவலகத்தில் இப்படித்தானே சீட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து ஒட்டியிருப்பாள்.

எங்களுக்குக் கிடைத்த அறைக்கு ‘அலை’ என்று பெயர். அண்ணி நின்றுகொண்டு ஆரம்பித்தாள். அப்போது கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தலைமை வடிவமைப்பாளர் வந்தார். தூய வெள்ளைச் சட்டை, காலில் செருப்பில்லை. தான் இன்றைக்குத் தேனீ என்று எல்லோரிடமும் சொன்னார். இந்தக் கூட்டங்களில் அப்படி ஒரு வேஷம் உண்டாம், ஒரு பேச்சிலும் நிலையாக உட்காராமல் பூவுக்குப் பூ தாவித் தேன் எடுத்துக்கொண்டு போகிறவர். வந்து ஒரு பந்தின்மேல் உட்கார்ந்து மெல்லக் குதித்துக்கொண்டே கேட்டார்.

அண்ணிக்கு ஒரு தொழில் பழக்கம். குறை சொல்வதற்கு முன்னால் முதலில் பாராட்டிவிட வேண்டும், அப்போதுதான் எதிராளி காதைத் திறந்து வைத்திருப்பான் என்பாள். அந்த நல்ல புத்தி அன்று அவள் காலை வாரிவிட்டது. இந்தச் செயலி வருவதற்கு முன்னால் என் கணவர் எப்படி இருந்தார், பிறகு எப்படி மனுஷரானார் என்று நெகிழ்ந்து சொன்னாள். முதல் முறை மாத்திரையை வேண்டாம் என்றதைச் சொன்னாள். தேனீ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். “ஆனா, போன புதுப்பிப்புல” என்று அவள் அடுத்ததற்கு வருவதற்குள் அவருடைய கால்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. தேன் போதுமான அளவு கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

அண்ணி கதவையே பார்த்தாள். பிறகு மிச்சமிருந்தவர்களிடம் மிச்சத்தைச் சொன்னாள். தோள், வலி, நன்றி, கவிழ்த்துவைத்த பலகை. யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் உருகினார்கள். அது இன்னும் மோசம். உருகி முடித்ததும் ஒரு பெண், இப்படிப்பட்ட ஒருவருக்காக நாம் வடிவமைக்க வேண்டும் என்றால் முதலில் அவர் யார் என்று தெரிய வேண்டும் என்றாள். பெரிய காகிதத்தை விரித்து ஒரு மனுஷ உருவம் வரைந்தார்கள். வயது எழுபது. சுபாவம் அமைதி. பிடித்தது தோட்ட வேலை, பேரக்குழந்தைகள். பெயர், அமைதித் தாத்தா.

என் அண்ணன் அறுபதைத் தொடவில்லை. செடி நட்டதில்லை. அமைதி என்ற சொல்லை அவனோடு யாரும் சேர்த்ததில்லை. அவன் அந்தக் காவலாளி நாற்காலியில், காகிதத்துக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு ஆள்கூட அவன் பக்கம் திரும்பவில்லை. தாத்தாவுக்குக் கண்ணாடி போடலாமா வேண்டாமா என்று வாதம் நடந்தது.

“அவர் இங்கதானே உக்காந்திருக்காரு. அவரையே பாருங்களேன்” என்றேன்.

“இது அவர் இல்லைங்க. அவரை மாதிரி இருக்கற எல்லாரும்” என்றாள் அந்தப் பெண், மிகவும் அன்பாக.

நேற்றுவரை பிரேக் இருந்த இடத்தில் இன்றைக்கு ஹார்ன் வைத்துவிட்டு, இனிமையான ஹார்ன்தானே, மிதித்துப் பாருங்கள் என்றால் எவனாவது வண்டி எடுப்பானா என்று சத்தம் போட்டேன். ஒரு பையன் மெதுவாக எழுந்து, என் திட்டை அப்படியே ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, ‘அருமையான உவமை’ என்று அடிக்கோடிட்டு, தாத்தாவின் வயிற்றில் ஒட்டினான். சிலர் அதற்குப் பச்சைப் பொட்டு வைத்து ஓட்டும் போட்டார்கள். அதற்குமேல் கத்த எனக்கு வெட்கமாக இருந்தது. எதை எறிந்தாலும் பிடித்து ஒட்டி வைத்துக்கொள்கிற சுவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

டீ மேஜையில் அண்ணி தேனீயைப் பிடித்தாள். சுற்றிலும் ஆட்கள். இதை இப்போது அவசரமாகச் சொல்லாதீர்கள், கடைசி வட்டத்தில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும் என்று அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் பறந்தார். சரி, கடைசி வட்டம் இருக்கிறது என்று அவள் அதையும் நம்பினாள். அவளைப் பார்க்கப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு சொல், இன்று எதை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று. ஒரே சொல்லில் அண்ணி எதைச் சொல்வாள்? மணி அடித்தது. ஒளி என்றார் ஒருவர். ஈரம் என்றார் இன்னொருவர். வேர், பாலம், மூச்சு. ஒரு இளைஞன் கைபேசியில் எல்லாவற்றையும் வீடியோப் படம் எடுத்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி நகர்ந்தான். எங்கள் முறை வந்தது. அண்ணி வாயைத் திறப்பதற்குள் மணிக்காரர், முதலில் சார் சொல்லட்டும் என்று, அவள் பையிலிருந்து எட்டிப்பார்த்த பலகையைத் தானே எடுத்து அண்ணன் மடியில் நிமிர்த்தி வைத்தார்.

அண்ணன் அந்த வட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். வெறுங்கால்களை, பந்துகளை, சுவர் முழுக்கச் சீட்டுகளை, கண்ணாடி மாட்டிய அமைதித் தாத்தாவை. அவன் காது சிவந்தது. இடது கையை ஓங்கி, பலகையே நழுவும்படி மூலையில் அறைந்தான்.

‘நன்றி’ என்றது தேன் குரல்.

யாரோ விசும்பினார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது, ஓயவே இல்லை. தேனீ அழுதுகொண்டே தட்டினார்.

அண்ணி எழுந்து நின்றாள். “அவர் நன்றி சொல்லல. வேணாம்னு சொன்னாரு. அந்த எடத்துல வேணாம்தான் இருந்துச்சு. நீங்கதான் மாத்திட்டீங்க.” அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தேனீ எழுந்து வந்து அண்ணன் முன்னால் மண்டியிட்டார். முகத்தில் அத்தனை கருணை. அண்ணியை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க. நாம அவருக்காகப் பேசக் கூடாது. பயன்படுத்தறவரையே கேக்கணும், பக்கத்துல இருக்கறவங்களை இல்ல. உங்களுக்குத் தெரியாததா?”

அண்ணிக்கு அந்த வரி தெரியும். அவள் சுவரில் ஒட்டியிருந்த வரி.

அவர் அண்ணனிடம் திரும்பினார். குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி, “சார், இந்தப் படத்தை நாங்க எல்லாருக்கும் காட்டலாமா?” என்று கேட்டார். அண்ணன் மூலையைத் தட்டினான். நன்றி. அவர் அண்ணியைப் பார்த்துச் சின்னதாக, மன்னிக்கிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

அண்ணன் பலகையை எடுத்து, அவர் மடியில் குப்புறக் கவிழ்த்தான். எனக்கே தருகிறாரே என்று அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். அவர்களுடைய விதிகளில் எனக்குப் பிடித்தது அந்தக் கால் விதி ஒன்றுதான். மூன்று பேரும் அதன்படி வெளியே வந்தோம்.

வண்டியில் அண்ணன் எனக்குப் பக்கத்தில், அண்ணி பின்னால். தான் இத்தனை வருஷம் பார்த்த வேலையே இதுதானா என்று அண்ணி யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டாள். நான் கியரை மாற்றினேன். பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

“ஏங்க, பலகையை அங்கயே விட்டுட்டமே. திரும்பிப் போய் எடுத்துட்டு வரலாமா?”

அண்ணனின் இடது கை எழுந்தது. அவனுக்கு முன்னால் வண்டியின் சின்ன இழுப்பறை, காகிதம் வைக்கிற பெட்டி. அதன் மூடியில், கீழே, இடது மூலையில் அவன் தட்டினான். ஒரு சத்தமும் வரவில்லை, பிளாஸ்டிக் லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான்.

நான் பிரேக்கில் காலை வைத்தேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். அண்ணி இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் தலையை நீட்டினாள். வீட்டுக்குப் போகலாமா என்றாள். கை அசையவில்லை. திரும்பி அங்கேயே போகலாமா என்றாள். மூலையில் தட்டினான், இந்த முறை பலமாக. அவள் தன் கைப்பையைப் படுக்க வைத்து நீட்டிக் கேட்டாள். பையின் கீழ் இடது மூலையைத் தட்டினான்.

“வேணாமா? சரி, வேணாம்” என்றாள். சொல்லிவிட்டு அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் நாலு மூலை உள்ள எதுவும் அவன் பேச்சுதான். டீ கொண்டுவருகிற டிரே, செய்தித்தாள், தலையணை, நான் நீட்டுகிற என் உள்ளங்கைகூட. கீழ் இடது மூலையில் விரல் விழுந்தால் வேணாம். கைகால் பயிற்சிக்காரருக்கும் பாடம் எடுத்தாயிற்று, அவருடைய பாயின் மூலையைத் தட்டினால் வளைப்பதை நிறுத்திவிடுவார். மேஜைக்கு மேலிருந்த தாளைக் கிழித்துப் போடச் சொல்லி அண்ணியிடம் சொன்னேன். “அதுல தப்பில்ல. கேட்டவன் மேலதான் தப்பு” என்று விட்டுவிட்டாள்.

அந்தப் படம் செயலியின் முதல் பக்கத்தில் வந்தது. என் அண்ணனின் சிவந்த காது, ஓங்கிய கை, நன்றி, கைதட்டல். பின்னணியில் புல்லாங்குழல். எடுத்துவிடச் சொல்லி அண்ணி எழுதினாள். சம்பந்தப்பட்டவரே நேரில் சம்மதம் தெரிவித்திருக்கிறார் என்று பதில் வந்தது, கீழே நன்றியுடன்.

போன வாரம் எங்கள் பெரியப்பா மகன் பார்க்க வந்திருந்தார். டீ டிரேயை நடுவில் வைத்தோம். அவர் கைபேசியில் அந்தப் படத்தைத் திறந்து அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினார். ஊரே பார்க்கிறது, அவரே வாயில்லாமல் நன்றி சொல்கிற இடத்தில் தனக்குக் கண் கலங்கிவிட்டது என்றார். அண்ணன் பொறுத்துப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, அந்தக் கைபேசியின் திரையில், கீழே இடது மூலையில் தட்டினான்.

அந்த மூலையில் ஒரு சிவப்பு இதயம் பூத்தது.

“பாருங்க, அவரே விருப்பம் போட்டுட்டாரு” என்று பெரியப்பா மகன் பூரித்துப்போனார்.

அண்ணி அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கி மேஜைமேல் குப்புறக் கவிழ்த்துவைத்தாள்.

“வேணாங்கறாரு” என்றாள்.